குவைத் அடுப்பில் வெந்த கட்டை

ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை பிறந்தும் விட்டபாடில்லை. எண்பத்தாறாம் வருஷம் அது. காட்டூரில் கொடியில் போட்ட பாவாடை மூன்று நாளானாலும் சொதசொதவென்று தொங்கியது. தீப்பெட்டியை மடியில் முடிந்து வைத்துக்கொண்டால்தான் காலையில் அடுப்பு பற்றும். இந்த லட்சணத்தில் இன்னாசிராஜுக்குப் பதினாறு கட்டை காய வேண்டும். அதுவும் நாலே நாளில்.

இன்னாசிராஜ் கடைசல்காரன். தஞ்சாவூர் ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு மோட்டார், ஒரு லேத், எட்டு உளி, அவ்வளவுதான் பட்டறை. கட்டில் கால், தொட்டில் குமிழ், பூரிக்கட்டை, எதைக் கொடுத்தாலும் கை வழுக்குகிற மாதிரி கடைந்து கொடுப்பான். கை அவ்வளவு சுத்தம். வாய்தான் சாக்கடை. பாலக்கரைக் கட்டில் கடைக்காரர்கள் ஒருத்தர் விடாமல் அவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, ‘உன் சகவாசமே வேணாம்டா சாமி’ என்று ஒதுங்கிவிட்டார்கள். ஆறு மாசமாக லேத் சும்மா கிடந்தது. லேத் சும்மா கிடந்தால் அந்த வாய் யார் மேல் பாயும்? பெண்டாட்டி லூர்துராணி மேல்தான். கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. திட்டுவதற்குக் காரணம் தேடுகிற கஷ்டம்கூட அவனுக்குக் கிடையாது.

லூர்துவின் அண்ணன் அற்புதசாமிதான் ஒரு வழி காட்டினார். துவாக்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் செக்‌ஷனில் மூத்த ஆள் அவர். அவருக்குக் கீழே எட்டுப் பேர். நல்ல மனுஷன், தங்கச்சி என்றால் உருகுவார்.

“அரத்துக்குக் கைப்பிடி மாப்ள. மாசம் ஐநூறு வேணும். கோயமுத்தூர்லேருந்து வர்றது லேட்டாகுதுன்னு உள்ளூர்ல ஆள் தேடறாங்க. ஸ்டோர்ஸ்ல முகம்மது கனி பாய்கிட்ட உங்களைப் பத்திச் சொல்லியிருக்கேன். சனிக்கிழமை பத்து மணிக்குள்ள பன்னிரண்டு சாம்பிள் கொண்டாந்து வைங்க. அதுல ஒண்ணை எடுத்து நெட்டுக்க அறுத்துப் பாப்பார். ஈரம் இருந்தாலோ வெடிப்பு இருந்தாலோ அத்தோட சரி. என் பேரும் இதுல இருக்கு, பாத்துக்குங்க.”

அரம் பிடித்தவர்களுக்குத் தெரியும். அதன் பின்பக்கம் வால் என்று ஒன்று கூராக, ஆணி மாதிரி நீண்டிருக்கும். கைப்பிடியின் நடுவில் துளை போட்டு, அந்த வாலை உள்ளே அடித்து இறக்குவார்கள். இரும்பை அரத்தால் தேய்த்து ராவுகிறவன் நாள் முழுக்க உள்ளங்கையை வைத்து அழுத்துவது அந்தக் கைப்பிடியின் குண்டில்தான். கைப்பிடி நன்றாக இருந்தால் வால் இருக்கிற நினைப்பே வராது.

மரம்தான் தகராறு. காய்ந்த மரம் வாங்க வழியில்லை. ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டில் ஒரு வீட்டுக் காம்பவுண்டில் புங்கமரம் ஒன்று மழைக்குச் சாய்ந்துவிட, ‘வெட்டி எடுத்துட்டுப் போனா போதும்’ என்றார்கள். கொண்டுவந்து துண்டு போட்டால், ஆண்டவரே, பிழிந்தால் தண்ணி வரும் போலிருந்தது. அப்படிப்பட்ட கட்டை நிழலில் காய மூணு மாசம் ஆகும். ஈரத்தோடு கடைந்தால் ரெண்டே நாளில் பிளந்துகொள்ளும்.

“இது தட்டிப்போச்சுன்னா லேத்தை வித்துடறேன்” என்றான் இன்னாசி. “உங்கண்ணன் வீட்டுப் பின்கட்டு ரூமுக்குப் போயிடலாம். அவரு கம்பெனி கேட்ல வாட்ச்மேனா சேத்து விடறேன்னிருக்கார்.”

அந்த ரூமை அண்ணி அக்னஸ் லூர்துவுக்கு முன்னமே காட்டியாகிவிட்டது. கே.கே. நகரில் அண்ணன் கட்டின வீட்டின் பின்னால், விறகும் பழைய டயரும் போட்டு வைத்திருந்த அறை.

“ஆஸ்பெஸ்டாஸ்தான். இருந்தாலும் ஃபேன் மாட்டித் தரேன்” என்று சொல்லியிருந்தாள் அக்னஸ். “வெளியாளை வேலைக்கு வச்சா திருடறாளுக லூர்து. நீன்னா வீட்டு மனுஷி பாரு. பாத்திரம், துணி, காலையில இட்லிக்கு அரைக்கிறது, அவ்வளவுதானே. உனக்குத்தான் புள்ளையா குட்டியா, பொழுது போகணுமில்ல?”

சாகிற வரைக்கும் அண்ணன் வீட்டு எச்சில் தட்டு. இந்தச் சாம்பிள் பாஸாகிவிட்டால் அந்த ரூமுக்குள் கால் வைக்க வேண்டாம். அவளுக்கு உலகத்தில் வேறு எந்த ஆசையும் அப்போது இல்லை.

இனி அந்த அடுப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். அக்னஸின் தம்பி அமலதாஸ் குவைத்தில் இருக்கிறான். போன லீவில் வரும்போது ஒரு மைக்ரோவேவ் அடுப்பு கொண்டுவந்து அக்காவுக்குக் கொடுத்திருந்தான். அக்னஸ் அதை அடுப்படியில் வைப்பாளா? ஹாலில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், லேஸ் துணி போர்த்தி வைத்தாள். தெருவில் எல்லாருக்கும் அது ‘குவைத் அடுப்பு’. அதில் அவள் பால் காய்ச்சுவாள், அப்பளம் சுடுவாள், வேறொன்றும் தெரியாது. லீவில் வந்தபோது அமலதாஸ் அற்புதசாமியிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னான்: “எங்க கேம்ப்புல ஒரு பிலிப்பைன்ஸ்காரன் இருக்கான் அத்தான். பச்சைக் கட்டையைத் துண்டு போட்டு இதுலயே வச்சுக் காயவச்சு, கிண்ணம் கிண்ணமா கடையறான். மூணு மாசம் காயற கட்டை மூணு மணி நேரத்துல காஞ்சிடும்.” கூட இருந்த இன்னாசி அப்போது சிரித்தான். இப்போது அதுதான் ஞாபகம் வந்தது.

அற்புதசாமி உடனே சரியென்றார். அக்னஸ் ஒரு கண்டிஷன் போட்டாள். “உங்க மாப்ள உள்ள வரக்கூடாது. அந்த வாயும் அந்தச் சேத்துக் காலும் என் மொசைக்குக்கு ஆகாது. லூர்து வரட்டும்.”

செவ்வாய்க்கிழமை, நாலு கட்டையை ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு, பாலக்கரையில் பஸ் மாறி, நனைந்துகொண்டு போய் இறங்கினாள் லூர்து.

“காலைத் துடை. இன்னொருக்கத் துடை. முடி சொட்டுது பாரு, அதையும் துடை” என்றாள் அக்னஸ்.

அன்றைக்கே குடி கெட்டது. கடைசல்காரன் எவனும் பச்சைக் கட்டையின் இரண்டு முனையையும் அடைக்காமல் விடமாட்டான். முனை முதலில் காய்ந்தால் அங்கே பிளக்கும் என்று மெழுகில் தோய்த்து வைப்பது தொழில் வழக்கம். இன்னாசி அதற்கு மெழுகு வாங்குவதில்லை. வருஷா வருஷம் கல்லறைத் திருநாள் முடிந்த மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், சமாதிகள் மேல் வழிந்து கிடப்பதைச் சுரண்டி எடுத்து வருவான். இந்தப் பதினாறு கட்டைக்கும் அந்த மெழுகுதான். நிழலில் காய்கிற கட்டைக்கு அது சரி. உள்ளே இருக்கிற தண்ணியையே கொதிக்க வைக்கிற அடுப்பில் போகிற கட்டைக்கு முனையை அடைக்கலாமா என்று புருஷனும் யோசிக்கவில்லை, பெண்டாட்டியும் யோசிக்கவில்லை. ரெண்டாவது நிமிஷம் உள்ளே டப்பென்று ஒரு சத்தம். லூர்து பதறிக் கதவைத் திறந்தால் நாலும் பிளந்து கிடக்கின்றன. கண்ணாடித் தட்டு முழுக்க மெழுகு ஓடியிருக்கிறது.

“என்னடி இது நாத்தம்? மெழுகா? ஏது மெழுகு?”

பொய் சொல்லியிருக்கலாம். லூர்துவுக்கு அந்தச் சமயத்தில் வாயில் வந்தது உண்மைதான். அக்னஸ் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

“செத்தவன் மேல வழிஞ்ச மெழுகையாடி என் அடுப்புல உருக்கினே? என் புள்ளைங்க பால் குடிக்கிற அடுப்புடி அது! கத்தி வச்சுச் சுரண்டாதே, கண்ணாடி கீறும். நகத்தால எடு.”

நகத்தாலேயே எடுத்தாள். ஒன்றரை மணி நேரம். மூன்று நகம் ஒடிந்து ரத்தம் கட்டியது. அதோடு விட்டாளா? மாதா சுரூபத்துக்கு முன்னால் மொசைக் தரையில் முழங்கால் போடவைத்து, தோஷம் போக ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலையும் சொல்ல வைத்தாள். பாதியில் குரல் இறங்கினபோது, “கேக்கலை, சத்தமா” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

வீட்டுக்கு வந்தால் இன்னாசி பிளந்த கட்டைகளைப் பார்த்தான். மிச்சம் பன்னிரண்டுதான். பன்னிரண்டு சாம்பிளுக்குப் பன்னிரண்டு கட்டை, ஒன்றுகூட வீணாகக் கூடாது. அவளை வைது முடித்துவிட்டு, எல்லாக் கட்டையிலும் மெழுகு முனையை அறுத்துத் தள்ளினான். பிறகு உட்கார்ந்து யோசித்தான். தொழில் மூளை அவனுக்கு நன்றாகவே வேலை செய்யும்.

“நியூஸ் பேப்பர்ல சுத்தி வை. சூட்டுக் குமிழைப் பாதிக்கு மேல திருப்பவே திருப்பாதே. அரை நிமிஷம், எடு, அரை மணி ஆற விடு. தராசுல போட்டுப் பாரு. மறுபடி அரை நிமிஷம். எடை குறைஞ்சுக்கிட்டே வரும். குறையறது எப்ப நிக்குதோ அப்ப காஞ்சிருச்சுன்னு அர்த்தம். அதுக்கு மேல ஒரு செகண்ட் வச்சாலும் உள்ளேயிருந்து எரியும். வெளிய ஒண்ணும் தெரியாது. அவசரப்பட்டியோ, கொன்னுடுவேன்.”

புதன்கிழமை நாலு. வியாழக்கிழமை நாலு. லூர்துவுக்குக் கை வந்துவிட்டது. சுடச்சுட எடுக்கும்போது கட்டையின் முனையில் நுரை பொங்கி நிற்கும். பச்சை மொச்சை வேகிற மாதிரி ஒரு வாசம் வரும். நுரை அடங்கி, பேப்பர் ஈரமாகாமல் வந்தால் முடியப்போகிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். வெளிர் மஞ்சளாக, லேசாக, தட்டினால் டங்கென்று பேசுகிற கட்டை. அவளுக்கே பெருமையாக இருந்தது. கட்டை ஆறுகிற அரை மணி அரை மணியெல்லாம் அக்னஸுக்கு. போர்வை துவைத்தாள், உளுந்து அரைத்தாள், கக்கூஸ் கழுவினாள், ஒட்டடை அடித்தாள். மத்தியானம் பின்கட்டுப் படியில் உட்காரவைத்து நேற்றைய சோற்றில் மோர் ஊற்றிக் கொடுத்தாள் அண்ணி.

“இப்பவே பழகிக்க. அடுத்த மாசம் இங்கதானே” என்றாள்.

‘பாப்பமே’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு லூர்து விழுங்கினாள்.

வெள்ளிக்கிழமை கடைசி நாலு கட்டை. அன்று சாயங்காலம் நாலு மணிக்கு மரியாயின் சேனை ஜெபக் கூட்டம் அக்னஸ் வீட்டில். பங்குக் கோயிலைச் சேர்ந்த பெரிய வீட்டுப் பெண்கள் பத்துப் பேர் வருகிறார்கள். குவைத் அடுப்பில் அப்பளம் சுட்டுக் காட்டுவதாக அக்னஸ் ஒரு மாசமாகச் சொல்லிவைத்திருந்தாள். இரண்டரைக்கே அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

“இன்னும் எத்தனை தடவைடி?”

“மூணு தடவை அண்ணி. நாலுக்குள்ள முடிச்சிடறேன். இன்னும் எடை நிக்கலை.”

“எடையாம் எடை. போய்க் கொல்லையில அந்தக் கப் சாஸரையெல்லாம் கழுவிட்டு வா.”

முப்பது கப், முப்பது சாஸர், அட்டைப்பெட்டியில் வைக்கோல் தூசியோடு. லூர்து குழாயடியில் குந்தினாள். பாதி கழுவியிருப்பாள், மூக்கில் ஏறியது அந்த வாசம். வெல்லப் பாகு அடிப்பிடித்த மாதிரி. கப்பைப் போட்டுவிட்டு ஓடினாள். அடுப்பு ஓடிக்கொண்டிருந்தது. குமிழ் முழுசாகத் திரும்பியிருந்தது.

“அண்ணி! யாரு இதை...”

“நான்தான். பாதி பாதியா மூணு தடவை வைக்கிறதுக்கு முழுசா ஒரே தடவை அஞ்சு நிமிஷம். கணக்கு ஒண்ணுதானே? எடு, எடு, ஜன்னலைத் தொற. நாத்தம் போகணும். அவங்க வர்றப்ப நீ இங்க நிக்காதே, பின்பக்கமா போயிடு.”

லூர்து கட்டைகளை முந்தானையால் பிடித்து எடுத்தாள். கை பொத்துகிற சூடு. ஆனால் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அதே மஞ்சள், பொட்டுக் கருப்பு இல்லை. மோந்து பார்த்தாள். வாசம் கட்டையிலா, அறையிலா என்று சொல்ல முடியவில்லை. சொல்ல முடியவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் என்பதுதான் சரி. புருஷனிடம் சொன்னால் அடி விழும், அடி விழுந்தாலும் வேறு கட்டை கிடையாது. சொல்லவில்லை.

சனிக்கிழமை விடியலில் லேத் ஓடியது. முந்தின எட்டும் வியாழக்கிழமையோடு கடைந்து முடிந்திருந்தன. கடைசி நாலையும் கடைந்தான். அழகாக வந்தன. பித்தளைப் பூண் மாட்டினான். துளை போட டிரில்லை ஏற்றினான். முதல் கட்டை சுத்தம். இரண்டாவதில் மஞ்சளாகப் பொடி வந்தது, வந்தது, சட்டென்று கருப்பு. அடுப்புக்கரி மாதிரி பொடி அவன் விரல் மேல் கொட்டியது. மூன்றாவதும் அப்படியே. நாலாவதும் அப்படியே.

லேத்தை நிறுத்தினான்.

“என்னடி பண்ணினே?”

“நான் இல்லைங்க. அண்ணி முழுசா திருப்பிட்டாங்க. நான் கப் கழுவிட்டிருந்தேன்...”

அறைந்தான். காது ஙொய்யென்றது. இன்னொரு அறைக்கு ஓங்கின கையை அப்படியே நிறுத்தி மணியைப் பார்த்தான். ஆறேகால்.

பிறகு வஜ்ஜிரப் பசை காய்ச்சினான். மரத்தூளோடு குழைத்து மூன்று துளையிலும் அடைத்து, அடுப்புப் பக்கம் வைத்துக் காயவிட்டு, மறுபடி மெல்லிசாகத் துளைத்தான். எட்டிப் பார்த்தால் மஞ்சள்தான் தெரிந்தது.

“பாலிஷ் துணியை எடு” என்றான்.

“ஏங்க, அழுத்தி ராவினா இது தாங்குமா?”

“கொஞ்ச நாள் தாங்கும்.”

“அப்புறம் உடைஞ்சா, அந்த வால் உள்ளங்கையில இறங்கிடுமேங்க.”

“எவன் கையிலயோ இறங்குது. நம்ம கையா? ரொம்பப் பாவம் பாக்கறியே, பின்கட்டு ரூமுக்குப் போறியா? சொல்லு, இப்பவே இதைத் தூக்கி அடுப்புல போட்டுடறேன். போறியா?”

எச்சில் தட்டும் குழாயடியும், ‘கேக்கலை, சத்தமா’ என்ற குரலும் லூர்துவின் கண்முன்னால் வந்தன. துணியை எடுத்தாள். அரக்குப் பாலிஷைத் தொட்டுத் தொட்டு அந்த மூன்றையும் தேய்த்தாள். மற்ற ஒன்பதைவிட அவை மூன்றும் அதிகமாகப் பளபளத்தன. இன்னாசி மூன்றையும் பைக்கு அடியில் போட்டு, நல்லதை மேலே அடுக்கினான்.

அன்று சாயங்காலம் அற்புதசாமியே ஜாங்கிரி பொட்டலத்தோடு காட்டூருக்கு வந்துவிட்டார். மழையில் நனைந்து, வாயெல்லாம் பல்லாக.

“பாஸ் மாப்ள! கனி பாய் மேலாக ஒண்ணை எடுத்தார், நெட்டுக்க அறுத்தார். உள்ள சந்தனக்கட்டை மாதிரி இருந்துச்சு. ‘என்னய்யா, இந்த மழையில எப்படிக் காயவச்சான் உன் மச்சான்?’னு கேட்டார். எனக்குன்னா நெஞ்சு நிமிந்து போச்சு. லூர்து, எல்லாம் நீ பட்ட கஷ்டம்மா. அக்னஸ் கொஞ்சம் அப்படி இப்படித்தான் பேசுவா. மனசுல வச்சுக்காதே.”

“மிச்சம் பதினொண்ணை ஸ்டோர்ஸ்ல வச்சிட்டாங்களா மச்சான்?” என்று கேட்டான் இன்னாசி.

“வைக்க விடுவேனா? பதினொண்ணையும் என் செக்‌ஷனுக்கே கேட்டு வாங்கிட்டேன். திங்கக்கிழமை மாட்டிடுவோம். என் மாப்ள கடைசல் என் ஆளுங்க கையிலதான் மொதல்ல இருக்கணும்.”

ஜாங்கிரியைப் பிட்ட கை அப்படியே நின்றது லூர்துவுக்கு. நிமிர்ந்தாள். இன்னாசி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ‘அண்ணே, அதுல மூணு சரியில்லை, எடுத்து வச்சிடுங்க’ என்றால் முடிந்தது. அண்ணன் கோபித்துக்கொள்வார், கனி பாயிடம் போய்ச் சொல்லிவிடுவார், அவர் அப்படிப்பட்ட மனுஷன். ஆர்டர் போகும். லூர்து கணக்குப் போட்டாள். அண்ணன் இப்போதெல்லாம் அரம் பிடிப்பதில்லை, நின்று வேலை வாங்குகிறவர். ராவுகிறவர்கள் அந்த எட்டுப் பேர். பதினொன்றில் மூன்றுதானே.

“காப்பி போடட்டுமாண்ணே?” என்றாள்.

“சர்க்கரை தூக்கலா போடு. நல்ல சேதி சொல்லியிருக்கேன்ல” என்று சிரித்தார் அவர்.

செவ்வாய்க்கிழமை ஆர்டர் கடிதாசி வந்தது. ஐநூறு. இன்னாசி அதை வேளாங்கண்ணி மாதா படத்துக்குக் கீழே சொருகிவைத்தான். அன்று பூராவும் அவளை வையவில்லை. புதன்கிழமை மத்தியானம் தகவல் வந்தது.

டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மாடி அறையில் படுத்திருந்தார் அற்புதசாமி. வலது கை முழங்கை வரைக்கும் கட்டு. இன்னாசி வாசலோடு நின்றுகொண்டான், மேலே வரமாட்டேனென்றான். கட்டிலுக்குப் பக்கத்தில் ராமர் நின்றிருந்தான். அண்ணனின் எட்டுப் பேரில் ஒருத்தன், இருபத்திரண்டு வயசு, போன மாசம்தான் கல்யாணமானவன். அவன் சட்டையெல்லாம் ரத்தம் காய்ந்து கிடந்தது. அண்ணனைக் கையில் ஏந்திக்கொண்டு லாரியில் வந்தவன் அவன்தான்.

“நாங்கதாங்க ராவிட்டிருந்தோம்” என்றான் ராமர். “அண்ணன் வந்து, ‘இங்க குடுடா, என் மாப்ள கைப்பிடி பிடிக்கிறதுக்கு எப்படி இருக்குன்னு நானும் பாக்கறேன்’னு எங்கிட்டேருந்து வாங்கினார். ரெண்டு இழுப்பு இழுத்தார். மூணாவதுக்கு நல்லா அழுத்தினார். பொக்குனு நசுங்கி, அந்த வால் உள்ளங்கையில பூந்து மணிக்கட்டுக்கிட்ட வந்துடுச்சுங்க.”

“நரம்பு ரெண்டு அறுந்துபோச்சாம்” என்றார் அற்புதசாமி. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “மூணு விரல் இனிமே மடங்காதாம். விடு, அழாதே. கிட்ட வா. ஒரு விஷயம் சொல்றேன், அக்னஸ்கிட்ட சொல்லிடாதே. கைப்பிடி உள்ள கருகியிருந்துச்சும்மா. ஒடஞ்ச துண்டையும் மிச்சம் பத்தையும் ராமரை விட்டு ஸ்க்ராப்புல போடச் சொல்லிட்டேன். கைப்பிடி இல்லாம வெறும் அரத்தைப் பிடிச்சேன், என் தப்புன்னு இடது கையால கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். நஷ்டஈடு கிடைக்காது, மெமோ வேற குடுப்பாங்க. போகட்டும். மாப்ளைக்கு இப்பத்தான் ஒரு வழி பொறந்திருக்கு. உள்ள கருகினது பாவம் அவருக்கு எப்படித் தெரியும்?”

லூர்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்த நிமிஷம் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அண்ணன் சாகிற வரைக்கும் அப்படியே நம்பியிருப்பார். அவள் அப்படித்தான் இருந்துவிட நினைத்தாள். அப்போதுதான் டிபன் கேரியரோடு அக்னஸ் உள்ளே வந்தாள்.

“வந்துட்டியா? பாத்துக்க, நல்லா பாத்துக்க. நாலு நாள் என் வீட்டுக்குள்ள காலை வச்சே, இவரு கை போச்சு. வயித்துலயும் ஒண்ணு தங்கலை, தொட்டதும் ஒண்ணு வெளங்கலை. கல்லறை மெழுகை வீட்டுக்குள்ள கொண்டாந்தப்பவே எனக்குத் தெரியும்டி. பீடை. பீடைடி நீ.”

“அக்னஸ், சும்மா இரு” என்றார் அற்புதசாமி.

“எதுக்கு இருக்கணும்? ரெண்டு பொட்டப் புள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் நிக்கறேன். இவளுக்கென்ன, ஆர்டர் கெடைச்சாச்சு!”

லூர்துவுக்கு ஒன்பது வருஷத்து ஆத்திரமும் ஒரே மூச்சாகக் கிளம்பியது.

“யாருடி பீடை? உன் கைதான்டி பீடை! பாதியில வச்சிருந்த குமிழை நீதானே முழுசா திருப்பினே? உன் சீமாட்டிகளுக்கு அப்பளம் சுடணும்னு நீதானே திருப்பினே? அதுலதான் கட்டை உள்ள கருகிப்போச்சு. எங்க வீட்டுக்காரர் துளை போட்டா கருப்பு கருப்பா கொட்டுது. உன் புருஷன் கையை எடுத்தது நீதான்டி!”

அக்னஸ் முகம் வெளிறிப்போனதை லூர்து கண்குளிரப் பார்த்தாள். ஒரு கணம்தான்.

“லூர்து” என்றார் அண்ணன். “துளை போடறப்பவே கருப்பு வந்துச்சா?”

அவளுக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது.

“கருப்பு வந்ததை ரெண்டு பேரும் பாத்தீங்களா?”

லூர்து தலையை ஆட்டினாள்.

“சனிக்கிழமை நான் ஜாங்கிரி கொண்டாந்தேனே. அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடிண்ணே.”

“என் செக்‌ஷனுக்கு எடுத்துட்டேன்னு சொன்னேனே. அப்ப உனக்குத் தெரியும்.”

லூர்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். “சத்தியமா உங்க கைக்கு வரும்னு நெனக்கலைண்ணே. நீங்க இப்பல்லாம் அரம் பிடிக்கிறதில்லையேன்னு... உங்க ஆளுங்கள்ல வேற யாருக்காவதுதான் போகும்னு நெனச்சேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் ராமர் அங்கே நிற்பது அவளுக்கு நினைவு வந்தது. ஃப்ளாஸ்கைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தான். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை, யாரோ தெரியாதவளைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

“ராமர், நீ வீட்டுக்குப் போப்பா. உன் சம்சாரம் பயந்துக்கிட்டிருக்கும்” என்றார் அற்புதசாமி.

அவன் ஃப்ளாஸ்கை வைத்துவிட்டு, அவள் மேல் படாமல் ஒதுங்கி வெளியே போனான்.

அக்னஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேரியரைத் திறந்தாள். ரசஞ்சோறு பிசைந்தாள். ஒரு வாய் ஊட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். இன்னொரு வாயும் வாங்கிக்கொண்டார். தங்கச்சி பக்கம் திரும்பாமல், கூரையைப் பார்த்தபடியே மென்றார்.

“அண்ணே” என்றாள் லூர்து.

“நான் எழுதிக் குடுத்தது குடுத்ததுதான்” என்றார் அவர். “இப்ப மாத்திச் சொன்னா இருக்கிற வேலையும் போயிடும். அதனால ஆர்டர் உங்களுக்குத்தான். ஒண்ணும் ஆகாது.”

“அண்ணே, என்னைப் பாருங்கண்ணே.”

“மோர் ஊத்தட்டுமா?” என்று கேட்டாள் அக்னஸ், அவரிடம்.

“ஊத்து” என்றார் அவர். பிறகு, கடைக்காரன் வாடிக்கைக்காரியிடம் பேசுகிற குரலில், “மொதல் ஐநூறு ஒண்ணாந்தேதி வேணும். கனி பாய் கண்டிப்பானவர். மழை விட்டிருக்கு, நீ கிளம்பு” என்றார்.